காலுறை தின்னும் பூச்சி

அனுப்புநர்:
சலவைக்கூடப் பொறுப்பாளர்
(கரைக்காவல் தொழிலாளியின் மனைவி),
அலுமினா ஆலைப் பின்வாசல்.

பெறுநர்:
தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: செஞ்சேற்றுக் குட்டையின் கரை கசிவதாகச் சந்தேகம் – முன்னறிவிப்பின்றி நேரில் ஆய்வு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஆலையில் பாக்சைட் தாதுவை அரைத்து, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெள்ளைப் பொடி எடுக்கிறார்கள். தங்கள் வீட்டு ஜன்னல் சட்டமும் குக்கரும் அந்தப் பொடியிலிருந்து வந்தவையே. மிஞ்சும் சிவந்த காரச் சேற்றைக் குட்டையாகக் கரை கட்டித் தேக்கியிருக்கிறார்கள். கரையடியில் சொட்டு ஈரமும் இல்லை என்று பதிவேட்டில் தினமும் எழுதப்படுகிறது. அதைத்தான் நான் நம்பவில்லை.

2. பதினோரு ஆண்டுகளாக ஆலைச் சீருடைகளைத் துவைத்து வருகிறேன். பிரிவு மாறிப்போகாதிருக்க நூல் நிறத்தால் அடையாளம் தைத்திருப்போம்: அரைவைக்கு மஞ்சள், கரைக்காவலுக்குப் பச்சை. மூன்று வாரமாகப் பச்சை நூல் பேன்ட்டுகளின் அடிப்பகுதி, சோப்புப் போடும் முன்பே கையில் வழுக்குகிறது. பூட்ஸுக்குள் போடும் கம்பளிக் காலுறைகளோ விரல் பக்கம் கூழாகி வந்தன. காஸ்டிக்கில் பருத்தி தாக்குப்பிடிக்கும், கம்பளி கரைந்துவிடும். சலவைக்கு வந்த முதல் வாரமே இதைக் கற்றுக்கொள்வோம்.

3. பண்டகசாலை அதிகாரியிடம் காட்டினேன். "பூச்சி அரிச்சிருக்கும்மா, இதுக்குப் போய் இவ்வளவு பதட்டமா?" என்றார். ஒரே அலமாரியில் மஞ்சள் நூலைத் தொடாமல், பச்சை நூலை மட்டும் தேடித் தின்னும் படித்த பூச்சியை நான் இதுவரை கண்டதில்லை ஐயா. மறுநாளே, கரைக்காவலரின் காலுறைகளை இனிச் சலவைக்கு அனுப்ப வேண்டாம் என்று உத்தரவு வந்தது. மடியில் கனமில்லாதவருக்கு வழியில் பயம் எதற்கு?

4. அன்று முதல் என் கணவர் தம் காலுறைகளைத் தாமே குழாயடியில் துவைக்கத் தொடங்கினார். கல்யாணமான நாள்முதல் கைக்குட்டைகூட அலசாத மனிதர். எனக்கு முதலில் வேறுவிதமான சந்தேகம் வந்ததை மறைக்கவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்தவரின் பாதத்தைப் பார்த்தேன். விரலிடுக்கில் தோலே இல்லை. "கரையடியில கால் வெச்சா புதையுது. வெளிய சொன்னா வேலை போயிடும், நீ சும்மா இரு" என்றார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

5. பத்து நாளைக்கு முன் தங்கள் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். அதற்கு முந்தின நாளே லாரி லாரியாகக் காய்ந்த மண்ணைக் கொட்டிக் கரையடியை மூடிவிட்டார்கள். தகவல் எப்படிப் போனது என்று கேட்க எனக்கு உரிமையில்லை. நினைத்துக்கொள்ள யாரும் தடைபோட முடியாது. ஆகவே இம்மனுவை ஆலைக்கு அனுப்பி விளக்கம் கேட்க வேண்டாம். நேரே வந்து ஒரு குச்சியால் அந்த மண்ணைக் கிளறிப் பார்த்தால் போதும். அந்த உத்தரவுக்கு முன் எடுத்துவைத்த மூன்று ஜோடிக் காலுறைகளை இத்துடன் இணைத்துள்ளேன். வெறுங்கையால் தொட்டுவிடாதீர்கள்.

ஐயா, எனக்குப் பதில் கடிதம் வேண்டாம், ஆள் வரவேண்டும். இதை எழுதும் இந்நேரம் அவர் கரையடியில்தான் நடந்துகொண்டிருக்கிறார்.

இடம்: ஆலைச் சலவைக்கூடம்
நாள்: செவ்வாய்க்கிழமை, காலை 9.40

பாதி நம்பிக்கையும் பாதி சந்தேகமுமாக,
கரைக்காவலரின் மனைவி
(அவருக்குத் தெரியாமல் ஒப்பமிட்டது)