தையல்காரம்மா வீட்டுக் கொடி

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? ஹோட்டல் சலவையறை வேலை பெண்டு நிமிர்த்தினாலும் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நேற்று லீவு என்று சினிமாவுக்குப் போனேன். படத்தில், இனப்படுகொலைக் காலத்தில் பிள்ளையில்லாத ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி பக்கத்துவீட்டுக் குடும்பத்தைப் பரணில் ஒளித்துவைக்கிறாள். ஒருநாள் மறதியாகக் குழந்தையின் கவுனை வாசலில் காயப்போட்டுவிடுகிறாள். "இது யாரோடது?" என்று சிப்பாய் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன். சினிமாதானே என்று சிரிக்காதே.

கலவரத்தின்போது நம்மை ஒளித்துவைத்த தையல்காரம்மாவுக்கும் பிள்ளையில்லை. "பாப்பா துணிய உள்ளயே போடுங்கக்கா" என்று உன்னிடம் கெஞ்சுவார். பிறகு அவர் என்ன ஆனார் என்று நீ சொன்னதே இல்லை.

துணி கிளிப் கொஞ்சம் அனுப்பு. ஷிப்டுக்கு நேரமாகிறது. ஒன்று மட்டும் போனில் கேட்க வாய் வரவில்லை. அன்று அவர் வீட்டிலிருந்து அவசரமாகக் கிளம்பினோமே, வெளியே கொடியிலிருந்த என் நீலப் பாவாடையை எடுத்தாயா அம்மா?

உன் மகள்