அக்டோபர் வரை ஓடும் கார்

செப்டம்பர் 6, சனி

இன்றும் சைக்கிள் மிதித்துப் பக்கத்து ஊருக்குப் போய் வண்டியை எடுத்தேன். போகிற வழி முழுக்க ஏற்றம். அங்கே ஒரு விவசாயியின் வைக்கோல் கொட்டகையில் பாதியை வாடகைக்குப் பிடித்து, காரை நிறுத்தி, மேலே போர்வை போட்டு வைத்திருக்கிறேன். ஒரு வீட்டின் விலை கொடுத்து முறையாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் காருக்கு, திருட்டு மாட்டுக்குக் கொடுக்கிற மரியாதை.

கிளம்பும்போது எதிர்வீட்டு டொய்ஷ்லே அம்மாள் நடைபாதையைக் கூட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் வாரத்துக்கு ஒரு வீடு கூட்ட வேண்டும், இந்த வாரம் அவர் முறை அல்ல. ஆனாலும் கூட்டுவார், யார் எங்கே போகிறார்கள் என்று தெரிய வேண்டுமே.

"இந்த வயசுலயும் சனிக்கிழமை தவறாம சைக்கிளா! எங்க ரோல்ஃப் இருக்காரே, சோபாவுக்கு வேர் விட்டுட்டாரு" என்றார். அப்புறம் என் வயிற்றைப் பார்த்தார். "ஆனா எடை மட்டும் குறையவே காணோமே?"

இருதயத்துக்காக மிதிக்கிறேன் என்றேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

செப்டம்பர் 9, செவ்வாய்

சனிக்கிழமை ஓட்டியது இன்றும் முதுகில் இருக்கிறது. காருக்குள் இறங்குவது சுலபம், விழுந்தால் போதும். வெளியே வருவதுதான் பாடு. ஒரு காலை ஊன்றி, கதவைப் பிடித்து, ஒரு முனகலோடு எழ வேண்டும். பெட்ரோல் போடுகிற இடத்தில் ஒரு பையன் "கை கொடுக்கட்டுமா தாத்தா?" என்றான். நல்ல பிள்ளை. அறையலாம் போலிருந்தது.

இவ்வளவு ஒளிவு மறைவு எதற்கு என்று சில நாள் எனக்கே மறந்துபோகிறது. எழுதி வைக்கிறேன். முப்பது வருடம் கடைசல் பட்டறை நடத்தினேன். இந்தக் காரைச் செய்கிற ஆலைக்கே போல்ட் கடைந்து கொடுத்தோம். பதினோரு பேர் வேலை பார்த்தார்கள், டொய்ஷ்லே அம்மாளின் கணவர் ரோல்ஃபும் அதில் ஒருவர். சம்பளம் கூட்டிக் கேட்டபோதெல்லாம் "இந்த வருஷம் கொஞ்சம் கஷ்டம்" என்றேன். நிஜமாகவே கஷ்டமான வருடங்களும் உண்டு. போன வருடம் பட்டறையை விற்றேன். விற்ற கையோடு இதை வாங்கினேன்.

"ரோல்ஃப் முகத்துல எப்படி முழிப்ப? ஊரு என்ன பேசும்?" என்றாள் கெர்லிண்டே. நாற்பது வருடமாக என் மனைவி கேட்கிற கேள்வி அது, ஊரு என்ன பேசும். அதனால்தான் கொட்டகை. அதனால்தான் பின்பக்கம் மாடல் பெயர் எழுத்தே வேண்டாம் என்று சொல்லி வாங்கினேன். விற்பனையாளர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. இந்தப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் கேட்கிறார்களாம்.

செப்டம்பர் 20, சனி

முன்கண்ணாடியில் கல் பட்டுக் கீறல். மாற்ற வேண்டும். பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. காப்பீட்டுக்குக் கட்டச் சொல்லி வந்த பில்லை கெர்லிண்டேவிடம் காட்டவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

காட்டியிருக்கலாம். தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டாள்.

அக்டோபர் 4, சனி

இந்தக் காரில் என்ன சந்தோஷம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? யாரும் கேட்கப்போவதில்லை, யாருக்கும் தெரியாதே. எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மலைமேல் காட்டுக்குள் ஒரு வளைவு வரும். இரண்டாம் கியருக்கு இறக்கிவிட்டு மிதித்தால் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்த இன்ஜின் சத்தம் எழும். அந்த நேரத்தில் எனக்கு வயது இல்லை, முதுகு இல்லை, ஊர்க் கவலை இல்லை. ஒரு பத்து விநாடி. பிறகு எதிரே டிராக்டர் வரும்.

அந்தப் பத்து விநாடியில் எப்போதும் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன். காலி இருக்கை. கெர்லிண்டே ஒரு தடவைகூட ஏறவில்லை. "உன்னோட கூத்து, நீயே ஆடு" என்கிறாள். தனியாகச் சிரித்துக்கொண்டு ஓட்டுகிற கிழவன் — வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்?

அலுப்பாக இருக்கிறது. அவள் பக்கத்தில் உட்காராத கார் எனக்கு எதற்கு? இந்த மாதத்துக்குள் ஒரே ஒரு தடவை வந்தாளானால் வைத்துக்கொள்வேன். இல்லையென்றால் விற்றுவிடுகிறேன். எழுதிவிட்டேன், இனி மாற்றக் கூடாது.

அக்டோபர் 12, ஞாயிறு

கூப்பிட்டேன். வரவில்லை. முட்டைக்கோஸ் ஊறுகாய் போட வேண்டுமாம்.

அக்டோபர் 25, சனி

மழை. வண்டியை எடுக்கவில்லை. ஆனாலும் சைக்கிளில் போய்ப் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தேன். நனைந்ததுதான் மிச்சம். டொய்ஷ்லே அம்மாள் ஜன்னலிலிருந்து கை ஆட்டினார்.

அக்டோபர் 29, புதன்

பழைய கார் வியாபாரிக்குப் போன் செய்துவிட்டேன். திங்கட்கிழமை வந்து பார்க்கிறாராம். இரவுச் சாப்பாட்டில் கெர்லிண்டேவிடம் சொன்னேன். நிம்மதிப் பெருமூச்சு விடுவாள் என்று பார்த்தால், ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

பருப்பைக் கொஞ்ச நேரம் கிளறிக்கொண்டிருந்தாள். "அப்ப வெள்ளிக்கிழமை ஒரு தடவை உக்காந்து பாத்துடறேன். அவ்வளவு காசு கொட்டியாச்சு, ஒரு தடவைகூட உக்காராம விட்டா வீண்தானே? ஆனா தூரமா எங்கயாச்சும் போகணும். நம்ம மூஞ்சி தெரியாத ஊரா இருக்கணும்."

எங்கள் ஊர்க்காரிதான். கொடுத்த காசு வீணாகக் கூடாது என்றால் பாவத்தையும் ஒரு வாய் ருசி பார்ப்பாள்.

நவம்பர் 1, சனி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

நேற்று மத்தியானம் கெர்லிண்டேவைக் கொட்டகையில் ஏற்றிக்கொண்டேன். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து, பல் டாக்டரிடம் வந்தவள் போல உட்கார்ந்தாள். நெடுஞ்சாலையில் வேகக் கட்டுப்பாடு இல்லாத பகுதி வந்தது. இருநூறைத் தாண்டும்போது கதவுப் பிடியைப் பற்றினாள். திட்டப்போகிறாள் என்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.

"ஏன் நிறுத்தற? இன்னும் போகுமா?"

இன்னும் போனது. அவள் சிரித்தாள், வாய்விட்டு. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் கேட்ட சிரிப்பு. இதற்காகத்தான் இதை வாங்கினேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் ஒரு விடுதியில் வறுத்த மீன் சாப்பிட்டோம். அவள் ஒரு கிளாஸ் வைன் குடித்தாள், நான் இரண்டு. சந்தோஷத்தில் மூன்றாவதும். இனி ஓட்ட முடியாது. விடுதியிலேயே அறை எடுத்து, விடுதிக்காரர் முற்றத்தில் காரை விட்டோம்.

இன்று காலை கண்ணாடியில் பனியைத் துடைத்துக்கொண்டே பின்பக்கம் வந்தேன். நம்பர் தகட்டின் ஓரத்தில் சின்னதாக இரண்டு எண்கள், ஒன்றின்மேல் ஒன்று. 04, 10. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மட்டும் ஓட அனுமதி.

ஐயோ.

குளிர்காலத்தில் எடுக்கப்போவதில்லையே, ஐந்து மாத வரியும் காப்பீடும் மிச்சமாகட்டும் என்று நான்தான் அந்தத் தகட்டைக் கேட்டு வாங்கினேன். காருக்கு அள்ளிக் கொட்டிவிட்டு வரியில் கிள்ளி மிச்சம் பிடித்த மகா புத்திசாலி! இன்று நவம்பர் ஒன்று. இந்த வண்டி ரோட்டில் ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது.

"மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாமா?" என்றேன்.

"காப்பீடு இல்லாமயா? யார் மேலயாவது மோதினா? சட்டம்னா சட்டம்தான், எகோன். ஆனா இன்னைக்கு எல்லாப் புனிதர் திருநாள், ரெண்டு மணிக்குப் பாதிரியார் கல்லறை மந்திரிக்க வருவாரு. எங்கம்மா கல்லறைகிட்ட நான் நிக்கலைன்னா ஊரு என்ன பேசும்?"

பழுது பார்க்கும் சங்கத்துக்குப் போன் செய்தேன். கெட்டுப்போன வண்டியைத்தான் தூக்குவார்களாம், தேதி தாண்டிய வண்டியை அல்ல. கடைசியில் விடுதிக்காரர் ஸ்லாட்கோ என்பவரைப் பிடித்துக் கொடுத்தார். காரைத் தட்டு லாரியில் ஏற்றிக் கட்டும்போது அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். "முப்பத்தொண்ணாந்தேதி ராத்திரி வெளியூர்ல தங்குனீங்களா? வருஷா வருஷம் உங்க பக்கத்து ஆளுங்க ஒருத்தராவது மாட்டுவாங்க சார். என் பொழைப்பே அதுலதான் ஓடுது."

மூன்று பேரும் லாரியின் முன்னால் நெருக்கி உட்கார்ந்து வந்தோம். வழியில் வண்டிக் கூட்டம். எங்கள் ஊர் நெருங்கும்போது இரண்டு மணிக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது.

"முதல்ல கொட்டகைக்கு விடுங்க, பக்கத்து ஊரு" என்றேன்.

"கொட்டகைக்குப் போனா மந்திரிப்பு முடிஞ்சுடும்" என்றாள் கெர்லிண்டே. கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். "நேரா வீட்டுக்கு விடுங்க ஸ்லாட்கோ."

ஊரே கறுப்புக் கோட்டும் கையில் பூவுமாகத் தெருவை அடைத்து நடந்துகொண்டிருந்தது. லாரி நகர முடியாமல் எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றது. மேலே, எல்லார் கண்ணுக்கும் எட்டுகிற உயரத்தில், என் கார். பதினேழு மாதம் ஒளித்து வைத்ததைத் தேரில் ஏற்றி ஊர்வலம் விட்ட மாதிரி. பாதிரியாரே நின்று பார்த்தார். நான் லாரியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

டொய்ஷ்லே அம்மாள் முன்னால் வந்தார். பக்கத்தில் ரோல்ஃப், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

"ஓகோ" என்றார் அந்தம்மாள். "இதுதான் சைக்கிளா? எங்க வீட்டுக்காரர் கேட்டப்பல்லாம் இந்த வருஷம் கஷ்டம், அடுத்த வருஷம் கஷ்டம். கஷ்டம் நாலு சக்கரத்துல வந்து நிக்குது பாருங்க!"

யாரோ சிரித்தார்கள். அந்தம்மாள் சொன்னது பொய்யா என்ன?

கெர்லிண்டே இறங்கினாள். பாவாடையை நீவிவிட்டுக்கொண்டு, நேராக டொய்ஷ்லே அம்மாள் முன்னால் போய் நின்றாள்.

"அது என் வண்டி" என்றாள். "அறுபது வயசுல எனக்கு ஆசை வந்துச்சு, அடம் புடிச்சு வாங்கினேன். இவர் வேணாம்னுதான் சொன்னாரு. இவர் மூஞ்சியைப் பாருங்க. ஆசைப்பட்டு வாங்கின ஆள் மூஞ்சியா இது?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நம்பிவிட்டார்கள்.

ரோல்ஃப் லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்து, சக்கரத்தருகே குனிந்தார். "போல்ட் நம்ம பட்டறையோடதா?"

"ஆமா."

"அப்ப கழண்டு விழாது" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கல்லறைப் பக்கம் நடந்தார். நான் அவருக்கு இன்னும் நிறையச் செய்திருக்க வேண்டும்.

மந்திரிப்பு நடக்கும்போது கெர்லிண்டே என் கையைப் பிடித்திருந்தாள். "பொய் சொல்லிட்டு வந்து எங்கம்மா பக்கத்துல நிக்கறேன். பேசாம ஜெபம் பண்ணு" என்றாள், உதடு அசையாமல்.

நவம்பர் 3, திங்கள்

வியாபாரி வந்தார். நான் செருப்பு மாட்டுவதற்குள் கெர்லிண்டே வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். "வண்டிக்காரி நான். நான் விக்கலை."

பொய்யைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாளா என்று கேட்கவில்லை.

நவம்பர் 15, சனி

கொட்டகையைக் காலி செய்தேன். கார் எங்கள் வீட்டு ஷெட்டில் இருக்கிறது. இதுவரை அங்கே நின்ற கெர்லிண்டேவின் பழைய சின்னக் கார் தெருவில், பனியில். காலையில் கண்ணாடியைச் சுரண்டுவது என் வேலை. முழங்கையில் வலி.

ஜனவரி 17, சனி

ரொட்டிக் கடையில்: "உங்க வீட்டம்மா வண்டி எப்படி இருக்கு?" தபால்காரர்: "அம்மா இருநூறுல போவாங்களாமே!" கோயில் பாட்டுக் குழுவில் அவளுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. டொய்ஷ்லே அம்மாள்கூட "உங்களுக்குத் தைரியம்தான்" என்று அவளிடம் சொன்னாராம்.

என்னிடம் எல்லோரும் ஒரு இரக்கத்தோடு பேசுகிறார்கள். வாழ்நாள் முழுக்க உழைத்து, ஆசைப்பட்டு வாங்கினேன். ஒருநாள்கூட "என் கார்" என்று வாய் திறந்து சொன்னதில்லை. இனிமேல் சொல்லவும் முடியாது. போகட்டும். அவமானம் என்னைத் தொடாமல் அவள் வாங்கிக்கொண்டாள். அதற்கு ஒரு கார் விலை அதிகமில்லை.

மார்ச் 28, சனி

டயர் வந்தது. வண்டி அவளுடையது, பில் என்னுடையது.

ஏப்ரல் 1, புதன்

காலை எட்டு மணிக்கே கெர்லிண்டே கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள். நான் சாவியை எடுத்தேன். கையை நீட்டினாள்.

"எல்லாரும் பாக்கறாங்க. என் வண்டியை நீ ஓட்டினா ஊரு என்ன பேசும்?"

அந்தப் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்தது இதுவே முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கியரை நறநறவென்று மாற்றினாள். எனக்குப் பல் கூசியது. டொய்ஷ்லே அம்மாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

நெடுஞ்சாலைக்குப் போவாள் என்று நினைத்தேன். சந்தைத் திடலுக்குத் திருப்பினாள். மாதா கோயில், ரொட்டிக் கடை, தபால் நிலையம் என்று ஒரு சுற்று, ஆள் நடக்கிற வேகத்தில். முடிந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் மறுபடியும் ஒரு சுற்று.

"எகோன், உன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கு" என்றாள். "உன்னையும் பாக்கட்டும்."

இறக்கினேன்.