நூற்றில் பதினைந்து

அக்டோபர் 7, 1996

அன்புள்ள ரோன்டா அக்கா,

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. கீழே அப்பா இன்னும் தூங்கவில்லை.

காலையில் அவர் கூட்டுறவுக் கிடங்கில் காப்பிக்காக உருட்டும் பகடையில் தோற்று, அங்கிருந்த எட்டுப் பேருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தாராம். அதற்குக்கூட முகம் சுளிக்கவில்லை. கையில் ஒரு செய்தித்தாள் துண்டோடு வந்தார். உங்கள் பல்கலைக்கழகம் எல்லோரிடமும் வாங்கும் கட்டணத்தில் நூற்றுக்குப் பதினைந்து டாலரை ஒதுக்கி, கட்ட வழியில்லாத மாணவர்களுக்குக் கொடுக்கிறது என்று அதில் போட்டிருக்கிறது. இதை நிறுத்தச் சொல்லி ஊரெல்லாம் கையெழுத்து வாங்கப் போகிறார். நவம்பர் 14 அன்று பல்கலைக்கழக வாரியம் கூடும்போது நேரில் போய்ப் பேசவும் போகிறார்.

"ஆகஸ்ட் மாசம் பன்னிய வித்து செக் எழுதினேன். அதுல யாரோ ஒரு வீட்டுப் புள்ள படிக்குதாம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?" என்றார். நான் உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல், "ஆமா, ஃபீஸ்ல நான் கட்டுற பாதி போக மீதிப் பாதிய ரோன்டா விடுதி சமையல்கட்டுலயா சம்பாதிக்கிறா? அவ்வளவா குடுக்கிறான்?" என்றார். அம்மா குழாயைத் திறந்துவிட்டாள்.

இன்னொன்று. கொட்டகை அலமாரியில் இருக்கும் வருமான வரிக் காகிதங்களில் கிளிப் இடது பக்கம் இருந்ததாம், இப்போது வலது பக்கம் இருக்கிறதாம். யார் தொட்டது என்று கேட்டார். இரண்டு குளிர்காலமாக உன் கட்டண உதவிப் படிவத்துக்காக அவற்றை எடுத்துப் பள்ளியில் நகல் போட்டுத் திருப்பி வைத்தது நான்தான் என்று உனக்கும் அம்மாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாதே? நீ யாரிடமாவது சொன்னாயா?

பதிலை வழக்கம்போல் பள்ளி நூலகத்துக்கே அனுப்பு.

உன் பயந்தாங்கொள்ளித் தங்கை,
ஹைடி


அக்டோபர் 16

என் செல்ல ஹைடி,

நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ சாப்பிடுகிறாயா என்று எழுதவே இல்லையே. பரீட்சை எப்படி எழுதினாய் என்றும் இல்லை. கிளிப்பைப் பற்றி மட்டும் அரைப் பக்கம்.

ஒரு செய்தி. படித்துவிட்டு அலறாதே. அதே வாரியக் கூட்டத்தில், உதவி வாங்கும் மாணவர்கள் மூன்று பேரைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தி நான். அப்பா வருவார் என்று தெரியாமலே சம்மதித்துவிட்டேன். இப்போது தெரிந்த பிறகும் பேசத்தான் தோன்றுகிறது. அந்த யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை நான்தான் என்று அவர் முகத்துக்கு நேரே ஒருமுறை சொல்லிவிட வேண்டும். கடன் வாங்காத மனுஷன், நிலம் இருக்கிற மனுஷன், ஆனால் வரிக் காகிதத்தில் நாம் ஏழைதானே.

எனக்காக மட்டும் இல்லை. வருகிற செப்டம்பரில் நீ இங்கே படிக்க வர வேண்டும். இந்தப் பணம் இல்லாமல் உன்னால் வர முடியாது.

முத்தங்கள்,
ரோன்டா


அக்டோபர் 23

அன்புள்ள அக்கா,

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து விருந்தில், எல்லோரும் தட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போதே அப்பா கையெழுத்துத் தாளை நீட்டினார். நூற்று நாற்பது பேர் போட்டிருக்கிறார்கள். அம்மாவும் போட்டாள். உன் படிவத்தில் போட்ட அதே கையெழுத்து, அதே சாய்வு. எனக்கும் பேனாவைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். போட்டுவிட்டேன் அக்கா.

அலமாரிக்கு இப்போது பூட்டு வந்துவிட்டது. சாவி அவர் சட்டைப் பையில். ஏன் பூட்டினார் என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது. நீ எழுந்து பேசினால் காகிதத்தை எடுத்தது யார் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். உன்னை அவர் நூறு மைல் தள்ளியிருந்துதான் கோபிப்பார். நான் இங்கே, அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

பேசமாட்டேன் என்று எழுது.

ஹைடி


நவம்பர் 8

ஹைடி கண்ணு,

சரி, பேசவில்லை. பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அலுவலகத்தில் இருந்த பெண்மணி காரணம்கூடக் கேட்கவில்லை.

என்னைப் பற்றி நீ கவலைப்படாதே. எது நடந்தாலும் ஏற்கெனவே வாங்குகிறவர்களைத் தொடமாட்டார்களாம். இங்கே நேற்றே பனி விழுந்துவிட்டது. என் நீலக் கையுறையைக் கண்டுபிடித்து அனுப்பு. நன்றாகத் தூங்கு.

அன்புடன்,
ரோன்டா


நவம்பர் 19

அக்கா,

கையுறை பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. இதோடு வைத்திருக்கிறேன்.

அப்பா ஜெயித்துவிட்டார். கூட்டம் முடிந்து வரும் வழியில் ஆப்பிள் பை பலகாரம் வாங்கி வந்தார். நமக்காக அவர் கடையில் பலகாரம் வாங்கி நான் பார்த்ததே இல்லை. உதவி வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்குப் படிப்பு முடியும்வரை உண்டாம். வருகிற செப்டம்பர் முதல் புதிதாகச் சேரும் யாருக்கும் கிடையாதாம். பெரிய துண்டை என் தட்டில் வைத்து, "எல்லாம் உனக்காகத்தான்டி அலைஞ்சேன். உன் ஃபீஸ் குறையும் பாரு," என்றார். எவ்வளவு குறைந்தாலும் அவரால் பாதிதான் கட்ட முடியும். மீதிப் பாதி எங்கிருந்து வரும் என்று நினைக்கிறார்? உனக்கு வந்ததுபோல் சமையல்கட்டிலிருந்து.

மாணவர்களில் இரண்டு பேர்தான் பேசினார்களாம். "மூணாவதா ஒரு பொண்ணு வரலையாம். வெக்கம் இருக்கும்ல," என்றார் அப்பா. நான் என் துண்டைச் சாப்பிட்டு முடித்தேன்.

பிறகு உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். உன்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஆறுதல் சொல்கிறாய் என்று அன்றைக்கு நினைத்தேன். அக்டோபரில் நான் அங்கே வர வேண்டும் என்று எழுதினாய். நவம்பரில், நன்றாகத் தூங்கு என்பதைத் தவிர என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. வாயை மூடச் சொன்னது நான்தான். அந்தத் தப்பு என்னுடையது. ஆனால் உதவிப் பணம் உனக்குப் போகாது, எனக்கு மட்டும்தான் போகும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் பேசு என்றே நான் எழுதியிருப்பேன். அதற்குப் பயந்தாயா?

இதைப் போர்வைக்குள் எழுதவில்லை. சமையலறை மேசையில் எழுதுகிறேன். எதிரில் அப்பா பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். யாருக்கு என்று கேட்டார். அக்காவுக்கு என்றேன். காலையில் டவுனுக்குப் போகும்போது தானே தபாலில் போடுவதாகச் சொல்கிறார்.

உறையை நான் ஒட்டவில்லை.

பதிலை வீட்டு முகவரிக்கே எழுது.

ஹைடி