இருபத்தாறு அங்குல டியூப்

இன்று ஆயுத பூஜை. மலைக்கு ஓட்டிப்போகும் கியர் சைக்கிளைக் கழுவி நிறுத்திவிட்டு, முதுகுப் பையில் இருந்ததையெல்லாம் எடுத்துப் பலகையில் பரப்பினேன். ஹெல்மெட், கையுறை, முட்டிக் கவசம், கைப்பம்பு, திருகு கழற்றும் ஆலன் சாவிகள், பஞ்சர் ஒட்டும் பெட்டி, டியூப் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்தேன். சந்தனமும் ரப்பரும் கலந்து ஒரு வாசம் எழுந்தது. அதோடு நீயும் வந்துவிட்டாய்.

"உன் சக்கரம் இருபத்தொம்போது இன்ச்சு. இந்த இருபத்தாறு டியூப எதுக்கு சுமந்துக்கினு திரியிற?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அதற்குப் பதிலை உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் காலை ரயிலில் பழகி, நாற்பது வயதில் சைக்கிள் வாங்கியவர்கள் நாம். புதிதாக மலையில் ஓட்டுபவர்களுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்து, ஒன்று விடாமல் வாங்கியவள் நான். நீ ஹெல்மெட் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து நின்றாய். பம்பு எங்கே, டியூப் எங்கே என்று கேட்டால், "தலை என்னுது, அதுக்கு ஹெல்மெட்டு வாங்கிட்டேன். மிச்சத்துக்கு நீ இருக்கியே" என்பாய். அன்று முதல் உன் இருபத்தாறு அங்குலச் சக்கரத்துக்கும் சேர்த்து நான் டியூப் சுமந்தேன்.

செஞ்சிப் பக்கத்துப் பாறைச் சரிவில் நீ இறங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். உண்மையாகவே எரியும். கவசமெல்லாம் கட்டிக்கொண்டு நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்குவேன். நீ வெறும் முட்டியோடு, சீட்டிலிருந்து எழுந்து, சிரித்துக்கொண்டே போவாய். கீழே டீக்கடையில் எல்லோரும் உன்னைத்தான் பார்ப்பார்கள். என் பையைப் பார்த்து, "என்னம்மா, கடை போடப் போறீங்களா?" என்பார் டீக்காரர். அதற்கும் நீ சிரிப்பாய்.

அந்த வருட ஆயுத பூஜை நினைவிருக்கிறதா? "நான் கும்புடுற சாமி வேற. ஆனா வண்டிக்கு எல்லா சாமியும் வேணும்டி" என்று உன் வண்டியையும் என் வீட்டில் விட்டுப் போனாய். நான் பக்தி முற்றிப்போய், பிரேக் டிஸ்க்குகள் பளபளக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து, அதன்மேல் சந்தனமும் குங்குமமும் அப்பினேன். அடுத்த ஞாயிறு சரிவில் பிரேக்கைப் பிடித்தால் இரண்டு வண்டியும் ஊளையிட்டதே தவிர நிற்கவில்லை. நான் கத்திக்கொண்டே புதரில் போய் விழுந்தேன். நீ வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பி, மல்லாட்டைக் கொல்லைக்குள் புகுந்து, வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே காலை ஊன்றி நின்றாய். உன் மேல் ஒரு கீறல் இல்லை. "பூசை பலமாதான் பண்ணியிருக்க. இனிமே டிஸ்க்குல மட்டும் கை வெக்காத" என்றாய். அன்றைக்கும் உன் மேல் எனக்குப் பொறாமைதான்.

நீ போன பிறகாவது அது தீரும் என்று நினைத்தேன். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. கல்லறைத் தோட்டத்தில் என்னைவிடச் சத்தமாக அழுதாள் ஒருத்தி. வளவனூர்க்காரி, உன் ஆபீஸ் தோழி. சனிக்கிழமைகளில் அவளோடும் மலைக்குப் போயிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போதாக்குறைக்கு உன் வீட்டுக்காரர் உன் வண்டியை அவளுக்கே கொடுத்துவிட்டார். எனக்குக் கொடுத்திருந்தால் ஓட்டியிருக்க மாட்டேன், துடைத்து வைத்திருப்பேன். அது தெரிந்துதான் கொடுக்கவில்லையோ என்னவோ.

போன ஞாயிறு, "நானும் வரட்டாக்கா?" என்று போன் செய்தாள். சரி, வா என்றேன். உன் சைக்கிளில் அவள் உட்கார்ந்ததைப் பார்க்கப் பிடிக்காமல் முன்னால் போனேன். மலையடியில் கருவேல முள் குத்தி அவள் சக்கரத்தில் காற்று இறங்கியது.

"ஒரு டியூபும் கொண்டாரலியா?" என்று எரிந்து விழுந்தேன்.

"நான் எதுவும் எடுத்துக்கினு வந்து பழக்கமில்லக்கா. பம்பு, டியூபு, முட்டிக்குப் போடுறது, எல்லாம் அந்த அக்கா பையிலதான் இருக்கும். எனக்கும் சேத்து அவங்களே தூக்கிக்கினு வருவாங்க."

நீயா? பையே இல்லாத நீயா? அவளுக்காகப் பம்பு சுமந்தாயா? முட்டிக் கவசம்கூட வைத்திருந்தாயாமே!

"உங்ககிட்ட இருபத்தாறு டியூபு இருக்காக்கா?"

"இல்ல."

சக்கரத்தைக் கழற்றி, முள்ளைப் பிடுங்கி, டியூபைத் தேய்த்து, வெயிலில் உட்கார்ந்து ஒட்டுப் போட்டேன். மாற்றிக் கொடுத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஒட்டு காயக் காத்திருந்தபோதுதான் புத்தியில் உறைத்தது. அவளோடு போனபோது நீ எல்லாவற்றையும் சுமந்தாய். என்னோடு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான், மிச்சத்துக்கு நான் இருக்கிறேன் என்று வெறுங்கையோடு வந்தாய்.

அதை நான் அவளிடம் சொல்லவில்லை. காற்றடித்துக் கொடுத்து, உன் டிஸ்க்கில் ஒரு முறை கண்ணை ஓட்டிவிட்டு, போகச் சொன்னேன்.

பலகையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பையில் வைத்துவிட்டேன். உன் டியூப் அடியில் இருக்கிறது, சந்தனப் பொட்டோடு. அடுத்த ஞாயிறும் அவள் வருகிறாளாம். கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஒட்டுப் பெட்டியில் நிறைய ஒட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.