அந்த அம்மா பேசாத வசனம்

மாப்ள,

நேற்று மத்தியானம் கோரிப்பாளையத்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கிராம்பு கடிபட்டது. உடனே உன் ஞாபகம். படம் போடும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டை கட்டாமலிருக்க ஒரு கிராம்பைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நிற்பாயே, அந்த வாசனை. நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உன்னை நினைத்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, வயிற்றெரிச்சல்தான். இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது?

கோச்சடையில் அந்த டியூஷன் சென்டர் மாடியில் மாதம் ஒருவர் முறை வைத்துப் படம் போட்டோம். ஜன்னலில் கறுப்புச் சார்ட் ஒட்டினால் அதுதான் தியேட்டர். வெளிநாட்டுப் படம் ஓட ஓட, பக்கத்தில் நின்று வசனத்தைத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது நம் வழக்கம். என் முறை வந்தால் பரிசு வாங்கிய படமாகத் தேடிப் பிடிப்பேன். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதி வாசிப்பேன். பாதிப் பேர் போனை நோண்டுவார்கள். நீ கையில் ஒரு தாளும் இல்லாமல் நிற்பாய், ஒருவரும் அசைய மாட்டார்கள். "ஒன் தமிழு இஸ்திரி போட்ட சட்ட மாதிரி இருக்கு மாப்ள, தொடவே பயமா இருக்கு" என்று கேலி வேறு.

அப்படி ஒரு முறை நீ கொண்டுவந்ததுதான் அந்த ஆஸ்திரேலியப் படம். அந்த நாட்டிலேயே யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத படம். ஏழெட்டு நடிகர்கள், ஒரு காவல் நிலையம், ஒரு செம்மண் ரோடு. ஒரு காட்சியில் மைக்கின் நிழல் சுவரில் விழும். அதைப் பார்த்து நான் சத்தமாகவே சிரித்தேன். காவலில் இறந்துபோன மகனைப் பற்றிக் கேட்க ஒரு பூர்வகுடித் தாய் வருகிறாள். வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருக்கிறான். எதிரே காலி நாற்காலி. அவன் உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றுகொண்டே இருக்கிறாள்.

நீ மெதுவாகச் சொன்னாய். "தலமொற தலமொறயா நின்டுக்கிட்டுத்தான் சார் இருக்கோம். இன்னும் கொஞ்ச நேரம் நின்டா காலு ஒண்ணும் தேஞ்சிறாது. எம்மகன் எப்படிச் செத்தான், அத மட்டும் சொல்லுங்க."

முன்வரிசையில் ஓர் அக்கா விம்மி அழுதார். நான் போட்ட படம் எதற்கும் அங்கே யாரும் அழுததில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "நிறுத்துப்பா. அந்தம்மா அங்க ஒரு வார்த்த பேசல. இவனா சேத்துச் சொல்றான்" என்றேன்.

நீ கோபப்படவில்லை. "ஆமா, அந்தம்மா பேசல. ஒங்க வீட்டுல நானுந்தான் பேசல மாப்ள" என்றாய். சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டாய்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் எங்கள் திருமங்கலம் வீட்டுப் பொங்கலுக்கு உன்னை நான்தான் கூட்டிப்போனேன். அப்பா, "எந்த ஊரு தம்பி?" என்றார். சொன்னாய். "அங்க எந்தத் தெரு?" என்றார். அதையும் சொன்னாய். உனக்காக நான் இழுத்துப் போட்ட நாற்காலியை அவர் காலால் ஓரமாக நகர்த்தினார். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர், உனக்குப் பேப்பர் கப். அரைமணி நேரம் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாய். நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஏறும்போது "டீ நல்லாருந்துச்சு" என்று மட்டும் சொன்னாய். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அன்றைக்கு அந்த மாடியில் குற்ற உணர்ச்சிக்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது. எங்கள் வீட்டில் நடந்ததை நானும்தான் பார்த்தேன். அது உனக்கு வசனம் ஆயிற்று, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்தவன் பட்ட அவமானத்தைப் பார்த்துக்கூட ஒருவன் பொறாமைப்படுவானா? பட்டேன். நீயோ அடுத்த மாதமே என் படத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாய். அந்த மனசைப் பார்த்தும் வயிறு எரிந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் நினைவாக அதே படத்தைப் போடுகிறோம். "நீங்கதாண்ணே சொல்லணும்" என்றாள் உன் தங்கை. மற்ற காட்சிகளுக்கெல்லாம் எழுதி முடித்துவிட்டேன். அந்த ஓரிடத்தில் மட்டும் உன் வசனத்தை எழுதி அடித்தேன், மறுபடி எழுதி மறுபடி அடித்தேன். கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் சொல்லியும் பார்த்தேன். பொய்யாக இருந்தது. நின்றவன் சொன்னதை, உட்கார்ந்திருந்தவன் எப்படிச் சொல்வது?

அந்தக் காலி நாற்காலி திரையில் வரும்போது சொல்ல என்னிடம் வேறொன்று இருக்கிறது. அந்த அதிகாரி கடைசிவரை சொல்லாதது. அன்றைக்கு எங்கள் வீட்டில் நானும் சொல்லாதது.

"உக்காரு மாப்ள."