எடை போட்ட துணிகள்

ராயபுரம்,
சனிக்கிழமை

அன்பு மகள் சாண்ட்ராவுக்கு அம்மா எழுதுவது. மாதா கிருபையில் நானும் அப்பாவும் சுகம், மணலி ஃபாக்டரிப் புகைக் காற்று இந்தப் பக்கம் அடிக்கிற நாளில் மட்டும் அப்பாவுக்கு இருமல். நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஜெரினும் வயிற்றிலிருக்கிற சின்னதும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். ஃபோனில் பேசினால் நடுவில் அழுதுவிடுவேன், அதனால்தான் மஸ்கட் திரும்புகிற ஃப்ரெடியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷ நர்ஸ் வேலையில் முதல் மெமோ, அதுவும் ரிட்டயர் ஆக நாலு மாதம் இருக்கும்போது. எதற்குத் தெரியுமா, பிரசவ அறையில் அழுக்குத் துணியை வைத்திருந்தேனாம். எங்கள் சுகாதார மையம் உனக்குத் தெரியும், ஒரே டாக்டர், அவரும் பாதி நாள் வேறு மையத்தில், ஆனால் சுத்தத்துக்கு மட்டும் இரண்டு கேடயம் வாங்கியிருக்கிறோம். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்ததும் ஆயா தாயம்மா துணியையெல்லாம் வாரி பக்கெட்டில் போட்டுத் தரையைத் துடைத்துவிடுவாள். சொந்தக்காரர்கள் உள்ளே வரும்போது பளிச்சென்று இருக்க வேண்டும், அவளை அப்படிப் பழக்கியதே நான்தான். போன மாதம் வியாசர்பாடி எழில்மொழிக்கும் அப்படித்தான் துடைத்தோம். அவள் அம்மா வந்து, பிரைவேட்டு ஆஸ்பத்திரி மாதிரி கீது சிஸ்டர் என்று கும்பிட்டாள். அரை மணி நேரத்தில் பெண்ணின் உதடு வெளுத்துக் கை சில்லிட்டுவிட்டது. எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை, எல்லாம் பக்கெட் தண்ணீரில். ஊசி போட்டு ஆம்புலன்சில் ஏற்றி, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போகிறவரை அவள் அடிவயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் நாலு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தாள்.

மறுநாளே அப்பாவை அனுப்பி, மீன்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி எண் விழுகிற தராசு ஒன்று வாங்கினேன். துணியை நனையுமுன் ஒரு தடவை, நனைந்தபின் ஒரு தடவை எடை போட்டால் போதும், போன ரத்தம் கிராம் கணக்கில் தெரிந்துவிடும். அரை லிட்டர் வருமுன்பே உஷாராகிவிடலாம். தாயம்மா முதல் நாள், இன்னா சிஸ்டர், இந்தக் கலீஜப் போயி எட போட்டுகினு என்று முகம் சுளித்தாள், இப்போது அவளே கிராமைக் கத்திச் சொல்கிறாள். ஆய்வுக்கு வந்த அதிகாரி அம்மாவோ, இது பிரசவ அறையா கறிக்கடையா என்று கேட்டார். தராசு ஸ்டாக் லிஸ்டில் இல்லையாம், எடுக்கச் சொன்னார். எழில்மொழிக்கு நடந்ததைச் சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை. அப்பாவும், ஒரு சாரி எழுதிக் குட்த்துட்டு வா மேரி, எதுக்கு பேஜாரு என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுத மாட்டேன், தராசையும் எடுக்க மாட்டேன்.

மெமோவுக்குப் பதில் எழுதுவதற்காகப் பழைய ரெஜிஸ்டர்களைப் புரட்டினேன். ரத்தப்போக்கு என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக இருநூறு மில்லி, இருநூறு மில்லி. எல்லாம் என் கையெழுத்து. ஒன்றைக்கூட அளந்ததில்லை. அதற்கு ஒருவரும் மெமோ கொடுக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில் உன் பெயரும் இருந்தது சாண்ட்ரா. அங்கேயும் இருநூறுதான். ஜெரின் பிறந்து மூன்று மாதம் வரைக்கும், எழுந்தால் தலை சுற்றுதும்மா என்று நீ சொன்னபோதெல்லாம் உன்னைச் சோம்பேறி என்று திட்டினேன். என்னை மன்னித்துவிடு. முதல் பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனவளுக்கு அடுத்ததிலும் போகலாம். நீ கொண்டுபோன பிரசவச் சீட்டிலும் அதே எண்தான் இருக்கிறது, அங்கே டாக்டர் அதைப் பார்த்துவிட்டு உனக்கு ஆபத்தில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இயேசு உங்கள் எல்லோரையும் காக்கட்டும். இதைப் படித்த அன்றைக்கே டாக்டரிடம் போய், அந்தச் சீட்டை நம்ப வேண்டாம், எழுதியது என் அம்மா, அவள் அளக்கவில்லை என்று சொல்.

உன் அம்மா,
அடைக்கலமேரி ஹென்றி