எங்கள் வீட்டில் மூன்று ஓட்டு

பிப்ரவரி 6, 2022. ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை, முதல் கூட்டம் சந்துக்குள் நுழைந்துவிட்டது. மாநகராட்சித் தேர்தல் என்றால் சும்மாவா? இத்தனை வருடம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களுக்கெல்லாம் திடீரென்று என் முகம் ஞாபகம் வருகிறது. எதிர்வீட்டு ஜன்னல் டக்கென்று சாத்திக்கொண்டது. உள்ளே டிவி சத்தமும் நின்றது. ஆள் இல்லையாம்! பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே, “ஒங்களுக்கில்லாம வேற யாருக்குப் போடப் போறோம்?” என்றாள். இதையே எல்லாக் கட்சிக்கும் சொல்வாள்.

நான் கதவை அகலத் திறந்து வைத்தேன். செல்வின்தான் பட்டியலோடு நின்றான். என் மகனோடு பள்ளிக்கூடம் போனவன், இப்போது கட்சிக்காரன். விரலை வைத்துப் படித்தான். “மரியான், பிளாரன்ஸ், ரெக்சன். சித்தி வீட்டுல மூணு ஓட்டு.”

மூன்று. சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்களை இரண்டு பேர் என்று எண்ணிப் பழகிவிட்டார்கள். கல்யாணக் கார்டிலும் இரண்டு பேருக்குத்தான் அழைப்பு.

“ரெக்சன் எங்க சித்தி இருக்கான்?”

“வெளியூர்ல வேல பாக்கான். ஓட்டுக்கு வருவான்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆள் இங்கே இல்லை என்று சொன்னால் பெயரை அடித்துவிடுவார்களே.

பிப்ரவரி 9, புதன்

இன்று இரண்டு கட்சி, ஒரு சுயேச்சை. மூன்று பேரும் அவன் பெயரைப் படித்தார்கள். மூன்று பேரிடமும் வருவான் என்றேன்.

இவருக்கு எரிச்சல். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ரிட்டயர் ஆனதிலிருந்து அந்த நாற்காலியை விட்டு எழுவதில்லை. “ஓட்டுப் போட்டு நாம என்னத்தக் கண்டோம்? ஒரு மழைக்கு முட்டளவு தண்ணி நிக்கி. நீ எதுக்குளா வாற எல்லாத்துக்கும் கதவத் தொறக்க?”

எதற்கா? இவருக்குத் தெரியாதா?

நான்கு வருடத்துக்கு முன்னால் இதே வாசலில் அவன் கழுத்தில் மாலையோடு நின்றான். பக்கத்தில் முருகேஸ்வரி, கொற்கைப் பக்கத்துப் பிள்ளை. பதிவுத் திருமணம் முடித்து நேரே இங்கே வந்திருந்தார்கள். வேறு மதம், வேறு சாதி, நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. இவர் நாற்காலியில் இருந்தபடியே, “கதவச் சாத்து” என்றார். சொன்னது இவர்தான். சாத்தியது என் கை. அவன் “அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதே தாழ்ப்பாளைப் போட்டேன்.

அதன் பிறகு ஒரு போன் இல்லை. எந்த ஊர் என்றும் தெரியாது.

பிப்ரவரி 12, சனி

வேட்பாளர் உமாராணியே இன்று நடந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். வெயிலில் அலைந்து கால் வீங்கியிருந்தது. தண்ணீர் கேட்டாள், குசினியில் இருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, “அக்கா, ஜெயிச்சா மொத வேல இந்தத் தெருச் சாக்கடதான்” என்றாள். போன தடவை ஜெயித்தவரும் அதையேதான் சொன்னார் என்றேன். கோபப்படவில்லை, சிரித்தாள். எனக்குப் பிடித்துவிட்டது.

அப்புறம்தான் கேட்டாள். “வெளியூர் ஓட்டுக்கெல்லாம் பஸ் ஏற்பாடு பண்ணுதோம் அக்கா. ஒங்க மகன் நம்பரக் குடுங்க, நாங்களே பேசிக்கிடுதோம்.”

செல்வின் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். நான் மோர் டம்ளரைத் திரும்ப வாங்கினேன். “புது நம்பர் வாங்கிருக்கான்... எழுதி வைக்கல...”

உமாராணி என் முகத்தைப் பார்த்தாள். அவளும் பிள்ளை பெற்றவள்தானே. “சரிக்கா, பெறகு வாங்கிக்கிடுதோம்” என்று செல்வினைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

பெத்தவகிட்ட பிள்ள நம்பர் இல்ல. ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இதவிட என்ன கேவலம் வேணும் எனக்கு?

பிப்ரவரி 16, புதன்

செல்வின் பூத் சிலிப் கொண்டுவந்தான். இவருடையதையும் என்னுடையதையும் தந்துவிட்டு மூன்றாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

“இது வேணுமா சித்தி? நெசமாவே வாரானா?”

“குடு. வருவான்.”

மூன்று சிலிப்பிலும் வரிசை எண் அடுத்தடுத்து இருக்கிறது.

பிப்ரவரி 18, வெள்ளி

பொய் சொன்னவள் நான். நானே அதை நம்பிக்கொண்டு நாளைக்குச் சீலா மீன் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். பைத்தியம்தான் பிடிக்கப் போகிறது.

பிப்ரவரி 19, சனி

 இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு நானும் இவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். இவர் வரமாட்டேன் என்றவர்தான், கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். கூட்டமே இல்லை. தெருவில் பாதிப் பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே அதிகாரி என் வரிசை எண்ணைச் சத்தமாகப் படித்து என் பெயரில் கோடு போட்டார். நான் அந்தத் தாளையே பார்த்தேன். கீழே அடுத்த பெயர் ரெக்சன். அதிலும் கோடு!

“சார், இது?”

“இது போட்டாச்சேம்மா. காலையிலேயே வந்து போட்டுட்டாங்க.”

எந்தப் பொத்தானை அமுக்கினேன் என்றே நினைவில்லை. வெளியே வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஏங்க, நம்ம பிள்ள வந்துட்டான்.” இவர் என்னை வீட்டில் விட்டுவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். மூன்று தட்டு கழுவி வைத்தேன். கதவை ஒரு நிமிடம்கூடச் சாத்தவில்லை.

இவர் திரும்பி வரும்போது மணி ஆறு. பழைய பஸ் ஸ்டாண்டு, புது பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், கோயில் வாசல், பீச் எல்லாம் தேடியிருக்கிறார். மத்தியானம் சாப்பிடவும் இல்லை. நான்கு வருடமாக அந்தப் பெயரை உச்சரிக்காத மனிதர்!

“செல்வினுக்குப் போன் போட்டேன், எடுக்க மாட்டேங்கான்” என்றார். “எங்கயும் காணலளா.”

பிப்ரவரி 20, ஞாயிறு

வரவில்லை. ஊருக்கு வந்தவனுக்கு இந்தச் சந்துக்குள் வர மனமில்லை. அதுவும் நியாயம்தான். பரவாயில்லை, இதே ஊரில் நேற்று மூச்சு விட்டிருக்கிறான்.

பிப்ரவரி 22, செவ்வாய்

உமாராணி ஜெயித்துவிட்டாள். தெருவெல்லாம் வெடிச்சத்தம். செல்வின் லட்டு கொண்டுவந்தான். வாங்கிக்கொள்ளாமல் அவன் கையைப் பிடித்தேன். “அன்னைக்குக் காலையில ஏஜென்டா நீதான உள்ள இருந்த? ரெக்சனப் பாத்தியா? எப்படி இருக்கான்? மெலிஞ்சிருக்கானா?”

அவன் தலைகுனிந்தான்.

“சித்தி... அது அவன் இல்ல. அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியும். சும்மா போற ஓட்டுதானன்னு நாந்தான் வேற ஆள விட்டேன். நீங்க இப்படி நெனப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல சித்தி.”

இவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அடித்துவிடுவார் என்று பயந்தேன். பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டார். “அப்ப அவன் வரவே இல்லையாலே?”

செல்வின் அழுதுவிட்டான். இவர் திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

எவனோ ஒருத்தன் எம்பிள்ள பேரச் சொல்லி வெரல நீட்டி மை வச்சிட்டுப் போயிருக்கான். நான் அவனுக்குக் கொழம்பு வச்சு காத்துக் கெடந்திருக்கேன். மாதாவே, ஒரு நாளாவது பாத்திருக்கக் கூடாதா?

புகார் கொடு என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. யார்மேல் கொடுக்க? வாசலுக்கு வந்தவர்கள் அத்தனை பேரிடமும் வருவான் வருவான் என்று சொன்னது நான்தானே.

பிப்ரவரி 23, புதன்

இவர் வாடிச் சாம்பிய முகத்தோடு இருக்கிறார். பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன். எதைப் பேச?

நவம்பர் 27, 2022. ஞாயிறு

நோட்டைத் தொட்டு ஒன்பது மாதம் ஆகிறது. இன்று எழுதியே ஆக வேண்டும்.

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க அங்கன்வாடி ஆனி டீச்சர் வந்தாள். “மரியான், பிளாரன்ஸ்” என்று படித்து நிறுத்தினாள். நான் காத்திருந்தேன். அடுத்து எதிர்வீட்டுப் பெயரைப் படித்தாள்.

“டீச்சர், ரெக்சன் பேரு? யாரு அடிச்சது?”

“யாரும் அடிக்கல அக்கா. அவரே மாத்திக் கேட்டு எழுதிக் குடுத்திருக்காரு. திருப்பூருக்குப் போயிருச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?”

உயிரோடு இருக்கிறான். ஒரு ஊரில் இருக்கிறான். சந்தோஷப்படாமல் நான் ஏன் அப்படி அழுதேன் என்று தெரியவில்லை. இந்த வீட்டில் அவனுக்கென்று இருந்தது அந்த ஒரு வரிதான், அதையும் அவன் கையாலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டீச்சர் பதறிப்போய்த் தன் போனில் அந்த ஊர்ப் பட்டியலைத் தேடி எடுத்துக் காட்டினாள். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். எழுத்து சிறிதாக இருந்ததால் நான்தான் படித்தேன். பெயர் ரெக்சன். தந்தை பெயர் மரியான்.

“இன்னொரு தடவ படி” என்றார்.

படித்தேன். அதற்கு அடுத்த வரியில் முருகேஸ்வரி, கணவர் பெயர் ரெக்சன். கதவு எண் இருக்கிறது. மேலே அவர்கள் ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்தின் பெயரும் இருக்கிறது. “விலாசத்த எழுதித் தரட்டுமா?” என்றாள் டீச்சர். இவர் அவசரமாகத் தலையாட்டி வேண்டாம் என்றார். எனக்குப் புரிந்தது. எங்கள் போன் நம்பர் மாறவே இல்லை, அவன் கூப்பிட நினைத்திருந்தால் கூப்பிட்டிருப்பான். அந்தக் கதவைப் போய்த் தட்ட எங்களுக்கு முகம் இல்லை.

சாப்பிடும்போது திடீரென்று கேட்டார். “ஏளா, அடுத்த எலெக்‌ஷன் எப்ப?”

“பார்லிமெண்டுக்கா? இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு.”

“வரட்டும். மொத நாளே திருப்பூருக்குப் பஸ் ஏறிருவோம். காலையில ஏழு மணிக்கு அந்தப் பள்ளிக்கூடத்து வாசலுக்கு எதுத்தாப்புல நின்னா, எப்படியும் ஒரு நேரத்துல வருவாம்லா. தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துருவோம்.”

“அப்ப நம்ம ஓட்டு?” என்றேன்.

“அது கெடக்கட்டும்” என்றார்.